கவிழ்த்துப் பார்த்த கதிரைகள்

போன கிழமை தர்ஷினி தொலைபேசி எடுத்தாள். நான் இளைப்பாறிய பிறகு என்ர மேசைக்கு வந்த பிள்ளை. பல்கலைக்கழக மாணவருக்கான உதவிப்பண விண்ணப்பம் எல்லாம் இப்போது கணினியில்தானாம். வீட்டில் என்னென்ன தளபாடம் இருக்கிறது என்று ஒரு கேள்வி, பக்கத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள், பிள்ளைகள் தாங்களே தொட்டு நிரப்ப வேண்டியதாம்.

"மிஸ், நீங்கள் அந்தக் காலத்தில வீடு வீடாப் போய்ப் பாத்தனீங்களாம். உண்மையோ?"

"ஓம் பிள்ளை. சைக்கிளில."

"எனக்கு ஒரு சந்தேகம். ஒரு வீட்டில அஞ்சு கதிரை இருந்தா வசதியான வீடு எண்டு எடுக்கலாமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றுபோனது. பாவம், லைன் கட்டாகிவிட்டதாக்கும் என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள். கதிரையைப் பற்றி ஒரு வசனத்தில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் சமூக சேவை உத்தியோகத்தராக மன்னாரில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கோப்புகளுக்கு நூல் கட்டினேன், இன்னொரு மாதம் மூத்த உத்தியோகத்தர் ஒருவருக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தேன், அவ்வளவுதான். பிச்சைச் சம்பளம் என்று சனம் சொல்லும் மாதாந்த உதவி, இடம்பெயர்ந்தோர் நிவாரணம் எல்லாம் பார்த்தோம். ஆனால் எனக்கு மனதுக்குப் பிடித்த வேலை பல்கலைக்கழகப் பிள்ளைகளின் உதவிப்பண விசாரணைதான். பிள்ளைகள் அதை 'பேர்சரி' என்பார்கள்.

அதில் இரண்டு வகை. பரீட்சையில் மேலே நின்ற பிள்ளைகளுக்குத் திறமைக்காகக் கிடைப்பது ஒன்று. அதற்கு எங்கள் உதவியே தேவையில்லை, புள்ளி பேசும். மற்றது இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு. திறமையை அளக்கப் பரீட்சை வைத்தார்கள், இல்லாமையை அளக்க எங்களை அனுப்பினார்கள். இதில் எது கஷ்டம் என்று இந்த வயதிலும் என்னிடம் கேட்டால் சண்டைக்கு வருவேன்.

முதலில் மன்னார்த் தீவுப் பக்கத்தில்தான் விசாரணைக்குப் போனேன். அங்கே ஒரு சம்மாட்டி, சொந்தமாக வள்ளம் வைத்துத் தொழில் செய்பவர். மகனுக்கு உதவிப்பணம் கேட்டிருந்தார். நாங்கள் போன நேரம் வீடு துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. சட்டி பானைகூட இல்லை. மனுசி மூலையில் குந்தியிருந்து மூக்கைச் சிந்தினா. எனக்கு மனது கரைந்து போனது. ஆனால் எங்கேயோ மண்ணெண்ணெய் மணந்தது.

"என்ன அண்ணை, கட்டிலுக்குக் கீழ மணக்குது?" என்று கேட்டார் மூத்த உத்தியோகத்தர்.

"அது... அரிக்கன் லாம்பு ஊத்துண்டு போச்சு, ஐயா."

பாயைத் தூக்கினால், கட்டிலுக்குக் கீழே வள்ளத்து இயந்திரம் படுத்திருக்கிறது. சீலையால் போர்த்து, தலையணை வேறு வைத்திருந்தார்கள். வரும் வழியெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளை நிறுத்தி நிறுத்திச் சிரித்தோம். உள்ளவன் ஒளிப்பான், நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும், இதுதான் வேலை என்று அன்றைக்கு விளங்கிக்கொண்டேன். பாதிதான் விளங்கிக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு பெருநிலத்துக்கு மாற்றமாகி, பாலத்துக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் அந்தப் பக்கம், இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த, வெள்ளாங்குளத்தை ஒட்டிய பகுதிகளுக்குப் பொறுப்பாக வந்தேன். கரண்ட் இல்லை. சவர்க்காரத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்ற காலம். எங்கள் கந்தோர் ஒரு கிடுகுக் கொட்டில். அதற்குள் இரண்டு அலுமாரி, நாலு மேசை, எங்கள் பிரதேச செயலாளர் அரியரத்தினம் சேர்.

சேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கிடுகுக் கொட்டிலுக்குள்ளும் சப்பாத்தும் நீளக் கைச் சேட்டுமாகத்தான் இருப்பார். சிரிக்கமாட்டார், ஏசவும் மாட்டார். விசாரணை அறிக்கைக்கு அவரே ஒரு முறை வைத்திருந்தார். தாளை நடுவால் மடித்து ஒரு பக்கம் 'கண்டது', மற்றப் பக்கம் 'கேட்டது' என்று எழுத வேண்டும். அந்த வீட்டில் நாங்கள் கண்ணால் கண்டது ஒரு பக்கம், அவர்கள் வாயால் சொன்னது மறு பக்கம். எழுதி முடித்ததும் அந்த வீட்டுக்குள்ளேயே வைத்து உரத்து வாசித்துக் காட்டி, வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் நிற்க வேண்டுமென்பதற்காக இரண்டு நாள் முன்னமே சொல்லி அனுப்பவும் வேண்டும்.

அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒவ்வொரு வரியிலும் பேனையின் மூடியை வைத்துக்கொண்டு, "இது கண்டதோ, கேட்டதோ?" என்பார். கேட்டதைக் கண்ட பக்கத்தில் எழுதியிருந்தால் ஒரு சொல்லும் சொல்லாமல் தாளைத் திருப்பித் தருவார். மறுபடியும் வெயிலில் அவ்வளவு தூரம் மிதிக்க வேண்டும். எனக்குப் பத்திக்கொண்டு வரும். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போவேன்.

புஷ்பராணியின் விண்ணப்பம் அப்படி ஒரு நாள் என்ர மேசைக்கு வந்தது. வெள்ளாங்குளத்துக்கு உள்ளே ஒரு குடியேற்றம், மலையகத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து குடியிருந்த சனம். பிள்ளை தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு முதல் வருடம் போய்விட்டாள். அந்தக் குடியேற்றத்தில் இருந்து அப்படிப் போன முதல் பிள்ளை. தகப்பன் செல்லமுத்து கூலி வேலை, வெங்காயம் கிண்டுவது, வேலி அடைப்பது. கிராம சேவகரும் அப்படித்தான் உறுதிப்படுத்தியிருந்தார். ஆனால் உதவிப்பணம் இல்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்திருந்தது.

காரணம் எங்கள் அறிக்கைதான். நான் பிரசவ லீவில் நின்றபோது பதில் கடமைக்கு வந்த ஓர் உத்தியோகத்தர் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். கண்ட பக்கத்தில் அழகாக எழுதியிருந்தார். மரக்கதிரை ஐந்து. கண்ணாடி அலுமாரி ஒன்று. தையல் மெசின் ஒன்று. சுவர் மணிக்கூடு ஒன்று. கேட்ட பக்கத்தில் ஒரே வரி: எல்லாம் தங்களுடையது என்றார்கள். கீழே செல்லமுத்துவின் கையெழுத்து.

"அவர் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். பிழை சொல்லேலாது," என்றார் சேர்.

"கூலி வேலை செய்யிற வீட்டில கண்ணாடி அலுமாரி எங்கால வந்தது, சேர்?"

"அதைத்தான் போய்ப் பாக்கச் சொல்லுறன். மேன்முறையீடு ஒருக்காத்தான். இந்தமுறை என்ன எழுதுறமோ அதுதான் முடிவு. பிறகு நானும் மாத்தேலாது, நீங்களும் மாத்தேலாது."

பிள்ளை விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லையாம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லை என்று வீட்டில் நின்றுவிட்டாளாம். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம், படிப்பை விட்டுவிட்டு வீட்டில் நிற்கும் வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தோம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு தாளில் இரண்டு பக்கம் எழுதுவதற்காக நான் போகிறேன், அந்தத் தாளில் ஒரு பிள்ளையின் உயிரும் இருக்கிறது என்ற நினைப்போடுதான் அன்றைக்கு மிதித்தேன்.

மண் வீடு, கிடுகுக் கூரை. முற்றம் சாணம் தெளித்துக் குளிர்ந்து கிடந்தது. செல்லமுத்து வாசலில் நின்றார். மெலிந்த மனுசன், அவருக்கு இரண்டு சுற்றுப் பெரிதான வெள்ளைச் சேட்டு. கையைக் கூப்பினார்.

"வாங்க மிஸ், வாங்க. உள்ள வந்து ஒக்காருங்க."

உள்ளே போனால் கண்கொள்ளாக் காட்சி. ஐந்து கதிரைகள் வரிசையாக. கண்ணாடி அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகள். தையல் மெசினுக்கு மேல் பூப்போட்ட துணி. சுவரில் மணிக்கூடு, அது ஓடவில்லை. போதாதற்கு இந்தமுறை புதிதாக ஒரு பெற்றோல்மாக்ஸ் விளக்கும் தொங்கியது. முதல் தரம் வந்தவர் போதுமான அளவு மரியாதையாக நடத்தப்படவில்லை, அதனால்தான் கோபித்து மறுத்துவிட்டார் என்று அந்த மனுசன் நினைத்திருக்கிறார்! எனக்கு இது அப்போது தெரியாது. எனக்கு வந்தது கோபம் மட்டும்தான்.

தாய் பாக்கியம் தேத்தண்ணி கொண்டுவந்தா. பால் தேத்தண்ணி, பக்கத்தில் பிஸ்கட். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் பிஸ்கட் என்றால் பொன். வாங்கும்போது என்ர பேனை மூடி கைதவறி விழுந்து உருண்டது. குனிந்தேன். பக்கத்தில் இருந்த கதிரையின் அடிப்பலகையில் நீல மையால் 'ந.க.' என்று எழுதியிருந்தது. அடுத்ததன் அடியில் 'இரா.' அதற்கடுத்ததில் 'பெ.ம.'

எங்கள் பக்கம் இதைத் தெரியாதவர் இல்லை. கலியாணம், சாவீடு என்று ஊருக்குள் கதிரையும் கிடாரமும் வீடு வீடாகப் போகும். மாறிப் போகாமல் இருக்க அடியில் அவரவர் பெயரின் முதல் எழுத்தை எழுதி வைப்போம். என்ர வீட்டுக் கதிரைகளிலும் உண்டு. நான் கண்ட மூன்று கதிரையில் மூன்று வீட்டு எழுத்து. ஒன்றிலும் செல்லமுத்துவின் 'செ' இல்லை.

"ஐயா, இந்தக் கதிரையள் ஆற்றை?"

"நம்மளுதுதாங்க மிஸ்."

"அலுமாரி?"

"அதுவும் நம்மளுதுதாங்க."

"ஐயா, நான் பொம்பிளை பாக்க வரேல்லை. உதவிப்பணத்துக்கு விசாரிக்க வந்தனான். இல்லை எண்டு சொன்னாத்தான் பிள்ளைக்குக் காசு வரும். உங்களுக்கு விளங்குதோ இல்லையோ?"

நான் கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பெரிய சேட்டின் கையை மடித்து மடித்து விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மலையில தோட்டத்து லயத்துல இருந்தப்போ மிஸ், தொரை வந்தா நாங்க வெளிய வாசல்ல நிப்போம். அவரு உள்ள வரமாட்டாரு. வந்தாலும் ஒக்கார வைக்க ஒண்ணும் இல்ல. இங்க வந்தோம், இங்கயும் எங்கள ஒரு மாதிரித்தான் பாத்தாங்க. ஒரு ஆபீசர் நம்ம வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்தது எம் புள்ள படிச்சதாலதாங்க. வந்தவங்ககிட்ட போயி ஒண்ணுமில்லன்னு எப்படிங்க சொல்றது?"

சம்மாட்டி வீட்டில் பாயைத் தூக்கிப் பார்த்த கை இது. இங்கே எதைத் தூக்குவது? கதிரையைக் கவிழ்த்து, 'இந்தா, இது உன்னுடையதில்லை' என்று அவருடைய முகத்துக்கு நேரே காட்டலாம். காட்டினால் அந்த மனுசன் அந்த இடத்திலேயே செத்துப்போவார் போலிருந்தது. காட்டாமல் விட்டால், கண்டது ஐந்து கதிரை, கேட்டது அவருடையது. சேரின் முறைப்படி பிள்ளையின் படிப்பு அத்தோடு சரி.

புஷ்பராணி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உயரமான பிள்ளை, தகப்பனின் அதே மெலிவு.

"அப்பா, போன தடவயும் இப்படித்தான் சொன்னீங்க. அவரு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. நான் இங்க வந்து நிக்கிறேன்."

"நீ சும்மா இரு புள்ள."

அவள் சும்மா இருக்கவில்லை. வந்து ஓரத்தில் இருந்த கதிரையைத் தூக்கினாள்.

"வையி அத! மிஸ் ஒக்காந்திருக்காங்கல்ல!"

நான் எழும்பிவிட்டேன். அது ஒன்றுதான் நான் செய்தது. நான் எழும்பியதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் யாருக்கும் விளக்கமாட்டேன்.

பட்டப்பகலில், ஒழுங்கை வழியே, அந்தப் பிள்ளை ஒரு கையில் ஒன்றாக இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் தாளும் பேனையுமாகப் பின்னால் போனேன். முதல் வீட்டில் ஒரு மனுசி மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தா.

"என்ன புள்ள, அதுக்குள்ளயா? எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல, வச்சிருங்களேன்."

"போதும் அக்கா. மிஸ் பாக்கணும்."

இப்படி ஒவ்வொரு வீடாக. சனம் வேலியோரம் வந்து நின்றது. நக்கலடித்து ஒரு சொல் யாரும் சொல்லவில்லை. அலுமாரியை அதன் சொந்தக்காரரே வந்து தம்பியோடு பிடித்துத் தூக்கிப் போனார். தையல் மெசின்காரி மட்டும் என்னை மறித்தா. நல்ல துடுக்கான மனுசி.

"நாங்க குடுத்தது தப்பா மிஸ்? உங்கள ஒக்கார வைக்கத்தானே குடுத்தோம். நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்தா அவங்க குடுப்பாங்க. இதுல என்னா பொய் இருக்கு?"

"தப்பில்லை அம்மா," என்றேன். வேறென்ன சொல்ல? உண்மையில் அவ்வளவு பேரும் சேர்ந்து எனக்காக ஒரு வீட்டைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அதைக் கழற்றி வைக்கத்தான் நான் வந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது வீடு வெறுமையாக இருந்தது. ஒரு பாய்ச் சுருள், மூன்று அலுமினியப் பாத்திரம், பிள்ளையின் புத்தகங்கள் அடுக்கிய ஒரு பலகைப் பெட்டி. செல்லமுத்து கூரை தாங்கும் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை இருக்கச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. இருந்து எழுத வேண்டுமே என்று நான் சுற்றிப் பார்த்தேன். பாக்கியம் விளங்கிக்கொண்டா. குசினிக்குள் இருந்து மர உரலை உருட்டி வந்து, நடு வீட்டில் கவிழ்த்து வைத்து, முந்தானையால் துடைத்துவிட்டா. நான் அதன்மேல் இருந்து, மடியில் தாளை வைத்து எழுதினேன்.

எழுதி முடித்து முறைப்படி உரத்து வாசித்தேன். கதிரை இல்லை. அலுமாரி இல்லை. தையல் மெசின் இல்லை. மணிக்கூடு இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் அவர் தலை இன்னும் கொஞ்சம் கீழே போனது. ஒரு மனுசனின் வீட்டுக்குள் இருந்துகொண்டு அவனுடைய இல்லாமையை அவன் பிள்ளைக்கு முன்னால் உரத்து வாசிப்பதைப்போல ஒரு கேவலமான வேலை உலகத்தில் இல்லை. கதிரைகள் திரும்பிப்போன வீடுகளை ஒவ்வொன்றாகக் கண்ட பக்கத்தில் எழுதியிருந்தேன், அதையும் வாசித்தேன். பேனையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஐயா, கையெழுத்து இல்லாட்டிக்கு இது செல்லாது. வேற ஏதும் எழுதவேணுமோ?"

நான் இருந்த உரலைப் பார்த்தார்.

"ஒரல எழுதினீங்களா?"

"இல்லை."

"எழுதுங்க. அது நம்மளுது. மலையில இருந்து லொறியில ஏத்தி நாங்க கொண்டாந்தது."

எழுதினேன். கண்ட பக்கத்தில், கடைசியாக: மர உரல் ஒன்று, சொந்தம். திரும்பவும் வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். பிறகுதான் பேனையை வாங்கினார். அவர் கையெழுத்துப் போடும்போது புஷ்பராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் சேர் பேனை மூடியோடு வரி வரியாக இறங்கி, உரலில் வந்து நின்றார்.

"இது கண்டதோ, கேட்டதோ?"

"அதுக்கு மேலதான் சேர் இருந்து எழுதினனான்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் சிரித்தாரென்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அந்தத் தாளைத் திருப்பித் தரவில்லை. கையெழுத்தை வைத்து முத்திரையைக் குத்தி, அன்றைக்கே வெளிக்கிட்ட ஆளிடம் கொடுத்துவிட்டார். உதவிப்பணம் கிடைத்தது, பிள்ளை வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்களுக்கு அடுத்த கோப்பு வந்தது.

அதோடு மறந்திருப்பேன். வருடங்கள் போயின. சமாதானம் என்று கொஞ்சக் காலம், பிறகு கடைசிச் சண்டை. மேற்கிலிருந்து செல் வர வர வெள்ளாங்குளம், பெரியமடு எல்லாம் கிளம்பிக் கிழக்கே நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். அரசாங்கக் கந்தோர் என்றால் செல் விலகிப் போகுமா? சைக்கிளின் பின்னால் கோப்புகளைக் கட்டி, முன்னால் உடுப்பு மூட்டையைத் தொங்கவிட்டு, உருட்டிக்கொண்டு நடந்தேன். மழை பெய்து ஓய்ந்த பாதை, முழங்காலளவு சேறு. முன்னுக்கு ஏதோ புதைந்துவிட்டது, உழவு இயந்திரங்கள் வரிசையாக நின்றுவிட்டன. அவற்றின் இழுவைப் பெட்டிகளில் கூரைத்தகரம், நெல்லு மூட்டை, கோழிக்கூடு. எல்லாவற்றுக்கும் மேலே கதிரைகள். கட்டுவதற்குச் சுகமென்று எல்லோரும் கதிரையைக் கவிழ்த்துத்தான் கட்டியிருந்தார்கள். அதனால் அடியில் எழுதிய எழுத்துகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பழக்க தோசம், அவற்றை வாசித்துக்கொண்டே நடந்தேன். ஒன்றில் 'செ.' என்று இருந்தது.

"மிஸ்! மிஸ்தானே?"

செல்லமுத்து. தலை முழுக்க நரைத்துவிட்டது. பெட்டிக்கு மேல் பாக்கியம் அந்த உரலை அணைத்தபடி இருந்தா.

"பிள்ளை எங்க ஐயா?" என்றுதான் முதலில் கேட்டேன். அந்த நாட்களில் யாரையும் அப்படிக் கேட்கப் பயம்.

"படிச்சு முடிச்சு கொழும்புப் பக்கம் வேலைங்க. இங்க இல்ல மிஸ்," என்றார். பிறகு என்ர கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார், "அவ இங்க இல்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பாதையில் அதைவிட நல்ல செய்தி எவரிடமும் இருக்கவில்லை.

அவர் பெட்டியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். "வேண்டாம் ஐயா, என்ன செய்யிறீங்கள், லைன் இளகினாப் போகவேணும்," என்று கத்தினேன். கேட்கவில்லை. ஒரு மரக்கதிரையை இறக்கினார், பழைய கதிரைதான், ஒரு காலுக்குக் கம்பி சுற்றியிருந்தது. நிமிர்த்தி வைப்பதற்கு முன்னால் கவிழ்த்தபடியே என்ர முகத்துக்கு நேரே பிடித்து, அந்த எழுத்தில் விரலை வைத்தார்.

"பாத்துக்குங்க மிஸ். நம்மளுது."

பிறகு பாதையோரம் சேறு இல்லாத ஓர் இடம் தேடி அதை நிமிர்த்தி வைத்து, தோளில் கிடந்த துவாயால் துடைத்தார்.

"இப்ப ஒக்காருங்க."

சைக்கிளை அவரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு நான் இருந்தேன்.